நகரத்துக்கு இஸ்திரி போட்டவர்

ஒரு முழு நகரத்துக்கு இஸ்திரி போட்டு அதன் வானத்தைக் கருக்கிய பெருமை மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் ஒருவரையே சேரும். ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவி தலைக்குக் குளிக்கப் போயிருந்த அரை மணி நேரத்தில் அதைச் செய்து முடித்தார். சாப்பாட்டு மேஜை மேல் கம்பளியை நாலாக மடித்து விரித்தார். கடையிலிருந்து பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஓவியத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து அதன் மேல் கிடத்தினார். பிழிந்த ஈரத்துண்டு ஒன்றை மேலே போட்டு, சட்டைக் காலருக்குக் காட்டும் மரியாதையோடு தேய்க்க ஆரம்பித்தார். காரணம் இல்லாமல் இல்லை. ஓவியத்தின் நடுவில் நிற்கும் மணிக்கூண்டு ஆறு மாதமாக வளைந்துகொண்டே வந்தது. முதலில் லேசாக, இடுப்பில் கை வைத்து நிற்பவளைப் போல. அப்புறம் பஸ்ஸுக்கு எட்டிப் பார்ப்பவளைப் போல. சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, காகிதம் ஊதியிருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். சுருங்கிய துணிக்கு இஸ்திரி போடுகிறோம். காகிதம் துணிக்கு ஒன்றுவிட்ட தம்பிதானே? இஸ்திரிப் பெட்டியின் திருகில் நாலு குறிகள் இருந்தன. பட்டுக்கான குறி என்று நினைத்து ஒன்றில் வைத்தார். அது பருத்திக்கான குறி என்பதைப் பிறகு வந்த வாசனை சொன்னது.

துண்டைத் தூக்கினார். மணிக்கூண்டுக்கு வலது பக்கம், அதுவரை வெறும் வெளிச்சமாக இருந்த வானத்தில், கூரான மூக்கோடு பழுப்பு நிறப் படகு ஒன்று மிதந்தது. இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது, ஆவி வரும் ஓட்டைகள் உட்பட. இவ்வளவுக்கும் பிறகு மணிக்கூண்டு வளைந்தபடியேதான் நின்றது.

"என்னங்க பண்றீங்க?" தலையில் துண்டோடு மனைவி வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு புகை?"

"அதை விடு. இங்க வந்து பாரு. இந்த மணிக்கூண்டு வளைஞ்சிருக்குல்ல?"

அவள் குனிந்து பார்த்தாள். ஓவியத்தைப் பார்த்ததைவிட அவர் முகத்தைப் பார்த்தது கொஞ்சம் கூடுதல் நேரமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். பிறகு நிமிர்ந்து, "பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற கருகலை யாரு சுரண்டுறதாம்?" என்றாள்.

அவள் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்ட ஒரு கேள்விக்கும் அவள் நேராகப் பதில் சொன்னது கிடையாது. சாப்பிட்டாயா என்றால் ஏன் பசிக்குதா என்பாள். கோபமா என்றால் எதுக்குக் கோபப்படணும் என்பாள். பெண் பார்க்கப் போன அன்று, தனியாகப் பேச விட்ட ஐந்து நிமிடத்தில், "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று இவர் கேட்டதற்கு, "உங்க கடையில ஃபேன் இருக்கா?" என்று கேட்டவள். அதை இவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். தப்பில்லை என்றுதான் இன்று வரைக்கும் தெரிகிறது. ஆனால் உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை.

ஓவியம் கடைக்கு வந்தது அதற்கும் முந்தைய வருஷம். கடை திறக்கும்போது, மூடப்போகிற ஒரு தங்கும் விடுதியில் நாற்காலிகள் மலிவாகக் கிடைக்கிறதென்று போனவரிடம், விடுதிக்காரர் இதையும் கையில் திணித்தார். "எடுத்துட்டுப் போங்க, சுவத்துல ஓட்டை இருந்தா மறைக்கும்" என்றார். கண்ணாடிக்காரரின் கடையில் சுவரே ஓட்டைகளுக்கு நடுவில்தான் இருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ வரைந்த ஓவியத்தின் பெரிய அச்சுப் பிரதி அது. அடியில் ஓவியரின் பெயர் இருந்த இடத்தை விடுதிக் கரப்பான்கள் தின்றிருந்தன. ஊர்ப்பெயரையும் விட்டுவைக்கவில்லை. அதனால் அது எந்த ஊர், வரைந்தவர் யார் என்று கடைசிவரை தெரியாமல் போயிற்று. தெரியாததில் ஒரு சௌகரியம் இருந்தது. யாருடைய ஊராகவும் அது இருக்கலாம்.

ஒரு ஆறு. அதன் குறுக்கே ஐந்து வளைவுகள் கொண்ட கல்பாலம். அக்கரையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் ஒல்லி ஒல்லியான வீடுகள், புகைபோக்கிகள், அவற்றுக்கு நடுவில் மணிக்கூண்டு. இக்கரையில் மழை அப்போதுதான் ஓய்ந்த ஒரு சதுக்கம். கல்தரையில் தேங்கிய தண்ணீரில் வானத்தின் துண்டுகள் கிடக்கும். அரிசி மணி அளவுக்கு மனிதர்கள்: கூடையோடு ஒருத்தி, வண்டியை இழுக்க மறுக்கும் குதிரை, அதோடு வாதாடும் ஒருவன், பாலத்துச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வேறு வேலையே இல்லாத ஒருவன். இவை எல்லாவற்றின் மேலும் மூடுபனி. அதற்குப் பின்னால், எழுகிறதா விழுகிறதா என்று சொல்ல முடியாத ஒரு சூரியன், பழுத்த மஞ்சளை ஆற்றில் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தது.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமானது. ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் எழுத்து அட்டை. படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையால் பயனில்லை. படித்தவர்களோ வரிசையில் காத்திருக்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கண்ணை மூடியபடி ஒப்பித்தார்கள். அதனால் அட்டைக்குப் பக்கத்தில் ஓவியத்தை மாட்டினார். லென்ஸ்களை மாற்றி மாற்றிச் சொருகும் அந்தக் கனத்த பிரேமை மூக்கில் ஏற்றிவிட்டு, "இப்ப அந்தப் படத்தைப் பாருங்க. என்ன தெரியுது?" என்பார். முதலில் உட்கார்ந்தவர் ஒரு சமையல்காரர். "எல்லாம் பனி மாதிரி மங்கலா இருக்குங்க" என்றார். இவர் பவரைக் கூட்டினார். "இன்னும் பனிதான்." இன்னும் கூட்டினார். அந்த ஓவியத்தின் பனி எந்த லென்ஸுக்கும் விலகாது என்பது அப்போது தொழிலுக்குப் புதிதாயிருந்த அவருக்குப் புரியவில்லை. சமையல்காரர் ஒரு வாரம் கழித்து வந்தார். "எதிர் வீட்டுச் சுவத்துல எறும்பு போறது தெரியுது. ஆனா என் வீட்டுப் படிதான் எங்க இருக்குன்னு தெரியல" என்று முழங்கால் கட்டைக் காட்டினார்.

பனி ஓவியருடையது என்பதை விளக்கியவர் ஒரு ஓவிய ஆசிரியர். இரட்டைப் பவர் கண்ணாடிக்கு வந்தவர், லென்ஸ் பிரேமோடே எழுந்து போய் ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டார். "இது ரொமாண்டிக் காலத்துப் படம் சார். இவங்களுக்கு ஊர் ஒரு சாக்கு. ஊர் மேல விழுற வெளிச்சம்தான் விஷயம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறவனுக்குள்ள என்ன ஆகுதோ, அதைத்தான் வரைவாங்க" என்றார். ரொமாண்டிக் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் அன்று கடை மூடியபின் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு மணி நேரம் சதுக்கத்தில் காதலர்களைத் தேடினார். குதிரைக்காரன்தான் இருந்தான். அவனும் நல்ல மனநிலையில் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் பவருக்காக மட்டும் கேட்கவில்லை. தையல்காரர் அந்த மனிதர்களின் கோட்டு நீளத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். லாரி ஓட்டுநர், இந்தப் பாலத்தில் எதிரே வண்டி வந்தால் யார் பின்வாங்குவது என்று கேட்டார். பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, கூடைக்காரிக்கு எட்டு மாசம் என்று அடித்துச் சொன்னாள். மகனைத் தூரதேசத்துக்கு அனுப்பியிருந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அங்கயும் மழைக்கு ஒதுங்க இடம் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது என்று பாலத்து வளைவைக் காட்டினார். அந்த ஊருக்கு ஒருநாளும் போகாமலே அதன் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாடகைக்கு வீடு கேட்டால் பாலத்துக்கு இடதுபுறம் மூன்றாவது வீட்டைச் சொல்லியிருப்பார். காலை வெயில் வரும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் மணிக்கூண்டு வளைந்தது.

கடையின் மேஜையில் இரண்டாவது இழுப்பறை. அதில், சதுரம் சதுரமாகக் கோடு போட்ட ஒரு சின்ன அட்டை உண்டு. வயதான வாடிக்கையாளர்களிடம் அவர் அதைத்தான் நீட்டுவார். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுப்புள்ளியைப் பாருங்க. கோடு எல்லாம் நேரா இருக்கா? எங்கயாவது வளையுதா?" வளைகிறது என்றால் மேற்கொண்டு பேச மாட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அது விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போவதன் அடையாளம், லென்ஸால் ஆகிற காரியம் அல்ல. எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்! அந்த இழுப்பறையை அவர் ஆறு மாதமாகத் திறக்கவில்லை. ஒரு இழுப்பறையைத் திறப்பதற்குப் பதில் ஒரு நகரத்துக்கே இஸ்திரி போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர் தினமும் முகம் மழிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகமும் நடுவில் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது. குளியலறைக் கண்ணாடி பழசு என்று அதற்கும் ஒரு சப்பைக்கட்டு தயாராக இருந்தது.

திங்கட்கிழமை ஓவியத்தைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினார். ஈரம் மறுபடி அடைபடக் கூடாதென்று சட்டத்தின் கண்ணாடியைப் போடவில்லை. லென்ஸ் அறுத்து பிரேமில் பொருத்தும் ஃபிட்டர், இருபத்தாறு வருஷமாகக் கூட இருப்பவர், உள்ளே நுழைந்ததும் நின்றார்.

"என்னண்ணே, வானத்துல கப்பல் விட்டிருக்கீங்க?"

"கப்பலை விடுய்யா. மணிக்கூண்டைப் பாரு. வளைஞ்சிருக்கா இல்லையா?"

ஃபிட்டர் தலையை இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார். "நம்ம பில்டிங்கே கொஞ்சம் சாஞ்சதுதானண்ணே" என்றவர், அவசரமாக அரவை இயந்திரத்தைப் போட்டுவிட்டார். அது சத்தம் போட ஆரம்பித்தால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

வாடிக்கையாளர்களிடம் கேட்டுப் பார்த்தார். அது இன்னும் மோசம். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மனிதர்களுக்குப் பரீட்சை பயம் வந்துவிடுகிறது. "மணிக்கூண்டு நேரா இருக்கா?" என்றால், "நேராத்தான் இருக்கணுமா?" என்றார் ஒரு குமாஸ்தா. ஒரு பாட்டு டீச்சர், "வளைஞ்ச மாதிரியும் இருக்கு, நீங்க லென்ஸ் மாத்தினா நேராயிரும்னு நினைக்கிறேன்" என்றாள். யோசித்துப் பார்த்தார். முப்பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர்கூட ஓவியத்தைச் சந்தேகப்பட்டதில்லை. பனி தெரிந்தால் என் கண்ணில் கோளாறு என்றுதான் சொன்னார்கள். கோளாறு ஓவியத்தில் என்று சொன்ன ஒரே ஆள் கடைக்காரர்தான்.

வியாழக்கிழமை மதியம் ஃபிட்டர் பிரேம் வாங்க மொத்தக் கடைக்குப் போயிருந்தபோது ஒரு பஸ் டிரைவர் வந்தார். மூக்கில் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"காது கிட்ட கொஞ்சம் இறுக்குது சார், லூஸ் பண்ணிக் குடுங்க. மத்தபடி இப்ப சூப்பரா இருக்கு. முதல்ல நீங்க குடுத்ததைப் போட்டுக்கிட்டு ஓட்டினப்ப ரோடு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள்தான். ஃபிட்டர் சார் அவராவே போன் பண்ணிக் கூப்பிட்டு, மறுபடி டெஸ்ட் பண்ணி, லென்ஸ் மாத்திக் குடுத்துட்டார்."

"அவரே கூப்பிட்டாரா?"

"உங்ககிட்ட சொல்லலையா சார்? பிரேம்ல ஏதோ ஸ்க்ரூன்னு சொல்லித்தான் கூப்பிட்டார்." டிரைவர் சிரித்தார். "நல்லவேளை. என் வண்டியில ஒரு நேரத்துக்கு அறுபது பேர் இருப்பாங்க."

கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுத்து அனுப்பினார். கைக்கு அந்த வேலை தெரியும், கண் தேவையில்லை. பிறகு வாடிக்கையாளர் அட்டைகள் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அட்டைகளைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கொஞ்ச நாளாக இப்படிச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தார். அவர் நீல மையில் எழுதிய பவருக்குக் கீழே, பென்சிலில், பொடி எழுத்தில், வேறு பவர். டிரைவருடையதில் மட்டுமல்ல. குமாஸ்தா. பாட்டு டீச்சர். ஆறு மாதத்து அட்டைகளில் பாதிக்கு மேல். யாராவது பார்த்தால் அழித்துவிடலாம் என்கிற அளவுக்கு மெல்ல அழுத்தி எழுதியிருந்தார் ஃபிட்டர். கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. அறுபது பேர்தான் வந்தார்கள். சீட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு.

ஃபிட்டர் பெரிய அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தபோது தகரப் பெட்டி மேஜை மேல் திறந்து கிடந்தது. அதையும் இவரையும் பார்த்தார்.

"எப்பலேர்ந்துய்யா?"

"பென்சில்தானண்ணே, அழிச்சிரலாம்" என்றார் ஃபிட்டர். "நான் டீ சொல்லிட்டு வர்றேன்." அட்டைப்பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல், அதைச் சுமந்துகொண்டே டீக்கடைக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் மனைவி டிபன் கேரியரோடு வந்தாள். வழக்கமாக மேஜையில் வைத்துவிட்டு, கடை ஏன் இவ்வளவு தூசியாக இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவள். அன்று வாசற்படியிலேயே நின்றாள். கணவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாள் முதல் அவர் அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அது மற்றவர்களுக்கான நாற்காலி.

"என்னங்க, முடியலையா?"

"அங்க போய் நில்லு. படத்துக்குப் பக்கத்துல."

கேரியரைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றாள். அவ்வளவு தூரத்தில் அவள் முகம் அவருக்கு ஓவியத்தின் ஆட்களில் ஒருத்தி முகம் போல, நடுவில் பனி மூடி, ஓரங்கள் மட்டும் தெளிவாக இருந்தது. காதுக்கு மேல் நரைத்த முடி தெரிந்தது, தோளில் சேலை மடிப்பு தெரிந்தது. மூக்கும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் கரைந்து கிடந்தது. பார்வையைச் சற்று விலக்கி அவளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தால் அவள் முகம் மெல்லத் திரும்பி வந்தது. நேராகப் பார்த்தால் போய்விட்டது.

"நான் ஒண்ணு கேக்கிறேன். நீ திருப்பிக் கேள்வி கேக்கக் கூடாது. அந்த மணிக்கூண்டு நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

அவள் வாய் திறந்தது. ஒரு கேள்வி உதடு வரை வந்ததை அவரால் பார்க்க முடியாவிட்டாலும் கேட்க முடிந்தது. மூச்சோடு அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஃபிட்டர் உன்கிட்ட பேசினானா?"

அவள் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எல்லாரும் பூசி மெழுகுறீங்க. என் பஸ்ஸுல அறுபது பேரு இருக்காங்கம்மா."

எந்த பஸ் என்று அவள் கேட்கவில்லை. கேரியரை எழுத்து அட்டைக்குக் கீழே தரையில் வைத்தாள். "எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள். "அதனாலதான் எல்லாத்தையும் கேள்வியாக் கேட்டுட்டு ஒப்பேத்திருவேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுலயும் அப்படித்தான். கேள்வி கேட்டா யாரும் பொய்னு சொல்ல முடியாது பாருங்க." ஒரே மூச்சில் அவள் இவ்வளவு பதில்கள் சொல்லி அவர் கேட்டதில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கடையின் நீளம் முழுக்க நடந்து வந்து அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் அந்த ரயில் பெட்டியில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். ஓவியத்தின் முன்னால் நிறுத்தி, "கண்ணை மூடிக்கோங்க" என்றாள். மூடிக்கொண்டார். அவருடைய ஆள்காட்டி விரலைத் தன் விரல்களுக்குள் எடுத்து, காகிதத்தின் மேல், வீடுகளின் கூரைக்கு நடுவில் எங்கேயோ வைத்தாள். காகிதம் குளிர்ச்சியாக இருந்தது. அவள் விரலில் இன்னும் அடுப்பங்கரைச் சூடு இருந்தது. மெல்ல மேலே இழுத்தாள். அவர் மனசுக்குள் அந்த மணிக்கூண்டில் ஏறிக்கொண்டிருந்தார். கல்லுக்கு மேல் கல், ஒரு சின்ன ஜன்னல், அதற்கு மேல் இன்னொன்று, மணி தொங்கும் வளைவு. எங்கே திரும்பப் போகிறது, எங்கே திரும்பப் போகிறது என்று மணிக்கட்டு காத்துக்கொண்டே இருந்தது. கல் முடிந்தது. விரல் இன்னும் கொஞ்சம் போய், சூரியன் மட்டும் இருந்த இடத்தில் நின்றது.

"நேரா இருக்குங்க" என்றாள் அவள்.